தோற்றுக்கொண்டே இருக்கும் கல்லூரி ஃபுட்பால் அணியை எடுத்து நிறுத்துவது எப்படி

தமிழ்நாட்டுக் கல்லூரி ஒன்றில் ஃபுட்பால் அணியைப் புதிதாகக் கையில் எடுப்பவர்களுக்கானது இது. நீங்கள் பி.டி. சாராக இருக்கலாம், பகுதிநேரக் கோச்சாக இருக்கலாம், கோச்சே இல்லாத கல்லூரியில் பிராக்டிஸை நடத்தும் சீனியர் மாணவராகவும் இருக்கலாம். அணி போன வருடம் மண்டலப் போட்டியின் முதல் சுற்றில் வெளியேறியிருக்கும். அதற்கு முந்தைய வருடமும் அதே கதை. மண்டலப் போட்டிகள் பெரும்பாலும் நாக் அவுட் முறையில் நடப்பதால், மோசமாக ஆடிய ஒரு இருபது நிமிடம் ஒரு வருட உழைப்பை முடித்துவிடும். முதலாண்டு மாணவர்கள் வந்து சேர்ந்து, போட்டி அட்டவணை கைக்கு வருவதற்குள் எட்டு வாரம் கிடைத்தால் பெரிது. கீழே இருப்பதெல்லாம் அந்த எட்டு வாரத்தை மனதில் வைத்து எழுதியது.

புதுக் கோச் வந்ததும் முதலில் கை வைப்பது ஃபார்மேஷனில், அதாவது டிஃபென்ஸ், நடு, முன்வரிசை என்று ஆட்களைப் பிரித்து நிறுத்தும் அமைப்பில். 4-4-2 ஆடியவர்களை 4-3-3 ஆடச் சொல்வார். அதை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். தோற்கும் அணியில் முதலில் தெரிய வேண்டியது, கோல் எப்படி வாங்குகிறோம் என்பது. அது தெரியாமல் செய்யும் எந்த மாற்றமும் குருட்டடிதான்.

முதல் வாரம்: கோல் கணக்கு

பக்கத்துக் கல்லூரி ஒன்றோடும் உள்ளூர் கிளப் ஒன்றோடும் இரண்டு பிராக்டிஸ் மேட்ச் போடுங்கள். இருக்கும் பிளேயர்களை அவர்கள் பழகிய இடத்திலேயே ஆட விடுங்கள். ஓரத்தில் நின்று கத்த வேண்டாம், பார்த்து எழுதுவது மட்டும் உங்கள் வேலை. மைதானத்தை ஒட்டிய கட்டடத்தின் முதல் மாடியிலோ கேலரியின் மேல் படியிலோ, நடுக்கோட்டுக்கு நேராக ஒரு மொபைலை ஸ்டாண்டில் படுக்கை வாக்கில் வைத்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பந்தை மட்டும் துரத்திப் படம் எடுத்தால் பயனில்லை. பந்து இல்லாத பிளேயர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதுதான் நமக்கு வேண்டும்.

நோட்டில் ஒவ்வொரு கோலுக்கும் ஐந்து விஷயம் எழுதுங்கள். எத்தனையாவது நிமிடம், பந்து எங்கே பறிபோனது, எந்த வழியில் வந்தது (கார்னர், ஃப்ரீ கிக், த்ரோ, லாங் பால், நம் பாஸ் வெட்டுப்பட்டது), ஷாட் அடிக்கும்போது பந்துக்கும் நம் கோலுக்கும் இடையே நம் ஆள் எத்தனை பேர், ஷாட் எங்கிருந்து வந்தது. கோலை மட்டும் எழுதினால் இரண்டு மேட்ச்சில் ஐந்தாறு வரிதான் தேறும், அதை வைத்து முடிவுக்கு வர முடியாது. பாக்ஸுக்குள்ளிருந்து (கோல் முன்னால் உள்ள பெனால்டி கட்டம்) எதிரணி அடித்த ஒவ்வொரு ஷாட்டையும் எழுதுங்கள். கோல் ஆகாமல் போனதும் அதே ஓட்டையின் வழியாக வந்ததுதான்.

ஒரு கோலை எடுத்துப் பார்ப்போம். நம் லெஃப்ட் பேக் ஓரக்கோட்டை ஒட்டிப் பந்தை வைத்திருக்கிறார். எதிரணி விங்கர் நெருங்குகிறார். லெஃப்ட் பேக் நடுவை நோக்கிக் குறுக்காக ஒரு பாஸ் தள்ளுகிறார், ஸ்ட்ரைக்கர் அதை வெட்டுகிறார், இரண்டு டச், கோல். எல்லோரும் கீப்பரைத் திட்டுவார்கள், கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் லெஃப்ட் பேக்கைத் திட்டுவார்கள். பதிவை நான்கு நொடி பின்னால் தள்ளுங்கள். லெஃப்ட் விங்கர் பந்துக்கு முதுகைக் காட்டி மேலே ஓடிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் வர வேண்டிய சென்டர் மிட்ஃபீல்டர் 25 மீட்டர் தள்ளி நடந்துகொண்டிருக்கிறார். சென்டர் பேக் பின்னால் இறங்கி பாஸ் வாங்க இடம் காட்டவில்லை. பந்தை வைத்திருப்பவருக்கு வேறு வழியே இல்லை. இப்படி ஒவ்வொன்றையும் பின்னோக்கிப் பார்த்தால்தான் எதைப் பயிற்சியில் வைப்பது என்று தெரியும்.

பொதுவாகக் கணக்கு நான்கு பக்கங்களில் ஒன்றில் சாயும். கார்னர், ஃப்ரீ கிக், நீளமான த்ரோ வழியாக வருபவை. டிஃபென்ஸ் தலைக்கு மேல் தூக்கிப் போட்ட பந்துகள். நம் பாதியிலேயே நாம் தொலைத்த பந்துகள். கடைசிக் கால் மணி நேரத்தில் மொத்தமாக வருபவை. நான்காவது வகை அதிகமென்றால் உடனே 'ஃபிட்னஸ் இல்லை' என்று முடிவு கட்டாதீர்கள். சப்ஸ்டிட்யூட்டை 80-ஆவது நிமிடத்தில் இறக்கினீர்களா, தண்ணீர் குடித்தார்களா, மதியம் என்ன சாப்பிட்டார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

யார் வருகிறார்கள், யார் வருவதில்லை

தோற்கும் கல்லூரி அணிகளில் பெரும்பாலானவற்றின் நோய் இதுதான், திறமைக் குறைவு அல்ல. பிராக்டிஸுக்கு ஒரு நாள் 9 பேர், மறுநாள் 14 பேர், அதில் நேற்று வந்தவர்கள் ஐந்து பேர். இப்படி இருந்தால் உலகத்தின் சிறந்த கோச்சாலும் ஒரு டிஃபென்ஸ் லைனைப் பழக்க முடியாது.

திட்டுவதற்கு முன் காரணத்தைக் கேளுங்கள். டே ஸ்காலருக்குக் கல்லூரி பஸ் போய்விடும், அதை விட்டால் வீட்டுக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். சிலர் மாலையில் வேலைக்குப் போகிறார்கள். லேப் ஐந்து மணி வரை இழுக்கிறது. இறுதியாண்டு மாணவருக்குப் பிளேஸ்மென்ட். அரியர் வைத்திருப்பவர் துறைத் தலைவரின் கண்ணில் மைதானத்தில் படவே பயப்படுகிறார். ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு. வாரத்தில் இரண்டு நாள் காலை 6 முதல் 7.30, இரண்டு நாள் மாலை என்று பிரித்தால் ஹாஸ்டல் மாணவர் நான்கு நாளும் வரலாம், டே ஸ்காலர் குறைந்தது இரண்டு நாளாவது வரலாம். முழு அணியும் கட்டாயம் சேரும் அந்த இரண்டு நாளில் மட்டும் டிஃபென்ஸும் செட் பீஸும் (கார்னர், ஃப்ரீ கிக், த்ரோ போல நின்ற பந்திலிருந்து தொடங்குபவை) வையுங்கள். மற்ற நாட்களில் பந்துத் திறன், ஓட்டம்.

துறைத் தலைவர்களை முதல் வாரமே நேரில் பாருங்கள். அணிப் பட்டியலை முதல்வர் கையெழுத்தோடு கொண்டுபோய், எந்தெந்தத் தேதிகளில் ஓ.டி. (ஆன் டியூட்டி, வகுப்புக்கு வராவிட்டாலும் கிடைக்கும் வருகைப்பதிவு) தேவைப்படும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். மேட்ச் முடிந்து வந்து ஓ.டி. கேட்டு நிற்கும் பிளேயருக்கு அடுத்த முறை மனம் வராது, அவருடைய வீட்டிலும் விட மாட்டார்கள். அரியர் இருப்பவர்களுக்கு இன்டர்னல் தேர்வுக்கு முந்தைய இரண்டு நாள் பிராக்டிஸ் கிடையாது என்று நீங்களே விதி வைத்தால், பேராசிரியர்கள் உங்கள் பக்கம் வருவார்கள்.

காகிதங்களையும் இதே வாரத்தில் முடியுங்கள். எலிஜிபிலிட்டி ஃபார்ம், போனஃபைட், பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ் நகல், அடையாள அட்டை, புகைப்படம், முதல்வர் முத்திரை. வயது வரம்பும் எத்தனை ஆண்டு ஆடலாம் என்பதும் அந்த வருடத்துச் சுற்றறிக்கையில் இருக்கும். அதை அச்செடுத்து ஒவ்வொரு பெயராகச் சரிபாருங்கள். தகுதியில்லாத ஒருவரை இறக்கினால், ஜெயித்த மேட்ச் எதிரணிக்குப் போய்விடும்.

செலக்‌ஷனை ஒரே நாள் மேட்ச்சாக நடத்த வேண்டாம். 22 பேர் ஓடும் மேட்ச்சில் ஒருவர் பந்தைத் தொடுவதே கொஞ்ச நேரம்தான். இரண்டு நாள், 30 மீட்டருக்கு 20 மீட்டர் கட்டத்தில், கீப்பர் இல்லாமல் சின்ன கோல் வைத்து நாலுக்கு நாலு ஆட விடுங்கள். ஒரு ஆட்டம் 6 நிமிடம், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அணியைக் கலைத்துப் போடுங்கள். ஜெயித்தால் 3, டிரா என்றால் 1, அணி அடித்த கோல் ஒவ்வொன்றுக்கும் 1 என்று தனித்தனிப் பெயரில் சேருங்கள். எட்டு ஆட்டம் முடிந்ததும், யாரோடு சேர்ந்தாலும் ஜெயிக்கிற சிலர் பட்டியலின் மேலே வந்திருப்பார்கள். அவர்களில் இரண்டு மூன்று பேர் நீங்கள் கவனிக்காமலே விட்டிருக்கக்கூடியவர்கள். செவன்ஸ் (சின்ன மைதானத்தில் அணிக்கு ஏழு பேர்) ஆடிப் பழகியவர்களுக்குக் கால் நன்றாக இருக்கும், ஆனால் பந்து எங்கே போனாலும் பின்னாலேயே ஓடுவார்கள். பெரிய மைதானத்தில் இடத்தைக் காப்பது என்ற பழக்கம் அவர்களுக்குப் புதிதாக வர வேண்டும், அதற்கு மூன்று நான்கு வாரம் கொடுங்கள். அணியில் 20 பேர், அதில் கீப்பர் இரண்டு. கீப்பர் கிடைக்கவில்லையென்றால் வாலிபால், ஹேண்ட்பால் ஆடும் உயரமான பையன்களைக் கேட்டுப் பாருங்கள். உயரத்தில் வரும் பந்தைக் கையால் வாங்குவது அவர்களுக்கு ஏற்கெனவே பழக்கம்.

சாமான்கள்

5-ஆம் எண் பந்து 10, கோன் 30, அணியைப் பிரித்துக் காட்ட மேலே போடும் பிப் இரண்டு நிறத்தில் பத்துப் பத்து, பம்பும் நான்கைந்து ஊசியும். இது இருந்தால் போதும். பந்தின் எடை 410 முதல் 450 கிராம், சுற்றளவு 68 முதல் 70 செ.மீ. தோல் உரிந்த பந்து மழையில் தண்ணீர் குடித்துக் கனத்துவிடும், அதை வைத்து ஹெடிங் பழக்காதீர்கள். பெரும்பாலான கல்லூரி மைதானங்கள் காய்ந்த செம்மண். அதற்கு ரப்பர் மோல்டட் ஸ்டட் உள்ள ஷூ போதும், உலோக ஸ்டட் கணுக்காலுக்கு ஆபத்து. மைதானத்தில் பாதி கிரிக்கெட்காரர்களிடம் இருந்தாலும் கவலை வேண்டாம், வாரத்துக்கு ஒரு நாள் முழு மைதானம் கிடைத்தால் மற்றதைப் பாதியில் செய்துகொள்ளலாம்.

இரண்டு முதல் ஐந்தாம் வாரம் வரை: கோல் வாங்காமல் நிற்பது

தோற்று மனம் விட்ட அணிக்கு முதலில் வேண்டியது 0-0 என்ற ஸ்கோர். அரை மணி நேரம் கோல் வாங்காமல் நின்றுவிட்டால் பிளேயர்களின் முகமே மாறும். அதனால் பயிற்சி நேரத்தில் பாதியை டிஃபென்ஸுக்குக் கொடுங்கள். கூச்சப்பட வேண்டியதில்லை.

அடிப்படை 4-4-2 வரிசை பழக்குவதற்கு எளிது. இரண்டு நேர்க்கோடு, முன்னால் இரண்டு பேர். பந்து எதிரணியிடம் இருக்கும்போது கடைசி டிஃபெண்டருக்கும் முதல் ஸ்ட்ரைக்கருக்கும் இடைவெளி 30 முதல் 35 மீட்டர். ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்து ஆளுக்கு 8 முதல் 10 மீட்டர். பந்து இடது ஓரத்துக்குப் போனால் மொத்த அணியும் இடது பக்கம் நகர்ந்து, வலது விங்கர் மைதானத்தின் நடுவரை வந்துவிட வேண்டும். 'அந்தப் பக்கம் காலியாக இருக்கிறதே' என்று பயப்படுவார்கள். கல்லூரி அளவில் 40 மீட்டர் குறுக்குப் பாஸைச் சரியாகப் போடுபவர்கள் குறைவு. போட்டாலும் பந்து காற்றில் இருக்கும் நேரத்தில் நாம் நகர்ந்துவிடலாம்.

இதை முதலில் எதிரணியே இல்லாமல் பழக்குங்கள். பத்து பேரை வரிசையில் நிறுத்தி, எதிர்ப்பாதியில் ஐந்து கோன் வைத்து, 'இரண்டு', 'ஐந்து' என்று எண்ணைச் சொல்லுங்கள். பந்து அந்தக் கோனில் இருப்பதாக நினைத்து எல்லோரும் நகர வேண்டும். முதலில் நடந்து, பிறகு ஓடி. 10 நிமிடம் போதும், அதற்கு மேல் போனால் சலித்துவிடும். அடுத்த கட்டம் பத்துக்கு ஆறு. ஆறு பேர் பந்தைச் சுற்றித் தட்டிக்கொண்டிருக்க, பத்து பேர் பறிக்காமல் நகர்வதோடு நிற்க வேண்டும். பிறகுதான் பறிக்க விடுங்கள், கடைசியாக எட்டுக்கு எட்டு.

இதற்குள்ளே மிக முக்கியமானது, பந்தை வைத்திருப்பவரிடம் முதல் ஆள் எப்படிப் போகிறார் என்பது. பாஸ் பயணம் செய்யும் நேரத்திலேயே வேகமாக ஓடித் தூரத்தைக் குறைக்க வேண்டும். கடைசி 3 மீட்டரில் சின்னச் சின்ன அடி வைத்து வேகத்தை உடைத்து, முழங்காலை மடக்கி, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, எதிராளியை ஓரக்கோட்டுப் பக்கம் போகவிடும்படி நிற்க வேண்டும். ஒரு கை நீட்டினால் தொடும் தூரம். காலை நீட்டுவது எதிராளியின் டச் பெரிதாகும்போது மட்டும். இரண்டாவது ஆள் அவருக்குப் பின்னால் சாய்வாக 4, 5 மீட்டரில் நிற்க வேண்டும். கெட்டுப்போவது இரண்டு இடத்தில். முதல் ஆள் ஓடிய வேகத்திலேயே பாய்ந்து தாண்டப்படுவார், அல்லது இரண்டாவது ஆளும் பந்துக்கே பாய்வார். ஒரே பந்துக்கு இருவர் போனால் பின்னால் ஒரு வழி திறந்துவிடும். 15 மீட்டருக்கு 10 மீட்டர் கட்டத்தில் ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு இரண்டு என்று தினமும் 10 நிமிடம் இதைச் செய்ய வையுங்கள்.

தலைக்கு மேல் வரும் பந்தால்தான் கோல் வாங்குகிறீர்கள் என்று கணக்கு சொன்னால், ஆஃப்சைடு டிராப் (டிஃபெண்டர்கள் ஒரே நேரத்தில் முன்னேறி எதிராளியை ஆஃப்சைடில் மாட்டவைப்பது) சொல்லிக்கொடுக்கத் தோன்றும். வேண்டாம், லைன்ஸ்மேனின் கொடியை நம்பி உயிரை வைக்காதீர்கள். நால்வருக்கும் ஒரே விதி போதும்: பந்தை வைத்திருப்பவர் நிமிர்ந்து, நம் ஆள் யாரும் நெருங்காமல், அடிக்க வசதியாக நிற்கிறாரா? உடனே நால்வரும் 5 மீட்டர் பின்வாங்க வேண்டும், பந்தை உதைக்கும் முன்பே. அவர் திரும்பிக்கொண்டாலோ பின்னால் பாஸ் போட்டாலோ நால்வரும் ஏற வேண்டும். 'ஏறு', 'இறங்கு' என்று கூப்பிடுவது ஒரு சென்டர் பேக்கின் வேலை, அது ஒருவர் மட்டும்தான். கீப்பரும் சும்மா கோட்டில் நிற்கக் கூடாது. லைன் நடுக்கோட்டருகே இருக்கும்போது அவர் பாக்ஸின் விளிம்புவரை வந்து நின்றால் பாதி லாங் பால் அவருக்கே கிடைக்கும்.

பந்தைத் தூக்கி அடித்து வெளியேற்றியதும் நால்வரும் பாக்ஸுக்குள்ளேயே நிற்பது தோற்கும் அணியின் அடையாளம். அந்தப் பந்து திரும்பி வரும்போது எதிரணி ஆறு பேர் நம் கோல் முன்னால் ஆன்சைடில் நிற்பார்கள். ஒவ்வொரு கிளியரன்ஸுக்கும் குறைந்தது பாக்ஸ் விளிம்புவரை ஓடி வெளியே வருவதைப் பழக்கமாக்குங்கள்.

செட் பீஸ்: மிக மலிவாகக் கிடைக்கும் கோல்

குறுகிய காலத்தில் பலன் தரக்கூடியது இதைப்போல் வேறு இல்லை. ஒவ்வொரு பிராக்டிஸின் கடைசி 15 நிமிடத்தை இதற்கு ஒதுக்குங்கள்.

எதிரணி கார்னருக்கு: சிக்ஸ் யார்டு கோட்டில், அதாவது கோலிலிருந்து 5.5 மீட்டரில், ஹெடிங் நன்றாக வரும் மூவர் இடத்தைக் காக்க வேண்டும். அருகிலுள்ள போஸ்ட் முன்னால் ஒருவர். எதிரணியின் உயரமான நால்வரை ஆளுக்கு ஒருவராகப் பிடிக்க நான்கு பேர், இவர்கள் வேலை ஜெயிப்பது அல்ல, அவர்கள் நேராக ஓடி வந்து எகிறாமல் குறுக்கே நிற்பது. பாக்ஸ் விளிம்பில் ஒருவர், வெளியே தெறித்து வரும் பந்துக்கு. ஷார்ட் கார்னர் (பக்கத்தில் இருப்பவருக்கே தட்டிவிடுவது) வந்தால் ஓட ஒருவர். பெயரைச் சீட்டில் எழுதி டிரஸ்ஸிங் அறையில் ஒட்டுங்கள், சப்ஸ்டிட்யூட் இறங்கும்போது யாருடைய வேலை அவருக்கு என்பதும் அதில் இருக்க வேண்டும். மேட்ச்சில் கார்னர் கோல் விழுவது பெரும்பாலும் சப் இறங்கிய அடுத்த சில நிமிடங்களில், இது பேசப்படாததால்தான்.

நம் கார்னருக்கு இரண்டே திட்டம். ஒன்று, சிக்ஸ் யார்டுக்கும் பெனால்டி புள்ளிக்கும் நடுவே கோலை நோக்கி வளையும் பந்து, நான்கு பேர் பாக்ஸ் விளிம்பிலிருந்து ஓடி வருவது. இன்னொன்று, அருகிலுள்ள போஸ்ட்டுக்குத் தாழ்வாக அடித்து ஒருவர் பின்னால் தட்டிவிடுவது. கார்னர் அடிப்பவர் கை உயர்த்தினால் முதலாவது, இல்லையென்றால் இரண்டாவது. எப்போதும் இரண்டு பேர் நடுக்கோட்டருகே பின்னால் நிற்க வேண்டும், எதிரணி ஒரு ஸ்ட்ரைக்கரை முன்னால் விட்டிருந்தாலும் இரண்டு பேர்தான்.

விதி தெரியாமல் விடும் வாய்ப்புகள் நிறைய. த்ரோ-இன், கார்னர், கோல் கிக் மூன்றிலும் நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடு இல்லை. நீளமாக எறியத் தெரிந்த ஒருவர் இருந்தால் எதிரணி பாக்ஸ் அருகே கிடைக்கும் ஒவ்வொரு த்ரோவும் பாதி கார்னர். ஃப்ரீ கிக்குக்கு எதிராக மூன்று பேருக்கு மேற்பட்ட சுவர் இருந்தாலும், சரியாக மூன்று பேர் இருந்தாலும், அடிக்கும் அணியினர் அதிலிருந்து 1 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது 2019 முதல் விதி. அதே வருடம் முதல் கோல் கிக்கை நம் பாக்ஸுக்குள்ளேயே வாங்கலாம். மேடு பள்ளமான மைதானத்தில் அதைச் செய்யாதீர்கள், டிவியில் பார்ப்பது புல்தரையில் நடப்பது. 2025-26 பருவம் முதல் கீப்பர் பந்தைக் கையில் 8 நொடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். நேரத்தைக் கடத்தப் பழகிய கீப்பர்களுக்கு இதை முன்பே சொல்லிவையுங்கள்.

நாக் அவுட்டில் டிரா ஆனால் டைபிரேக்கர்தான், அதாவது மாறி மாறிப் பெனால்டி அடிப்பது. பிராக்டிஸ் முடிந்து களைத்திருக்கும்போது, நடுக்கோட்டிலிருந்து தனியாக நடந்து வந்து ஆளுக்கு ஒரே ஒரு பெனால்டி அடிக்கச் சொல்லுங்கள். மூலையைப் பந்தை வைக்கும்போதே முடிவு செய்ய வேண்டும், ஓடும்போது மாற்றக் கூடாது. யார் எந்தப் பக்கம் அடித்தார், உள்ளே போனதா என்று எட்டு வாரமும் எழுதிவந்தால், மேட்ச் அன்று 'யார் அடிக்கிறீர்கள்?' என்று கேட்கவே வேண்டியிருக்காது.

பந்து கையில் வந்த பிறகு

இங்கே அதிகம் வேண்டாம். பந்தைப் பறித்ததும் முதல் பாஸ் முன்னால், பறித்த இடத்தின் நெரிசலிலிருந்து விலகி. அப்போது எதிரணி கலைந்து நிற்கும், 10 நொடிக்குள் ஷாட்டுக்குப் போகப் பாருங்கள். பாக்ஸுக்கு வெளியே 25 மீட்டரிலிருந்து அடிக்கும் ஆசையைக் குறைத்து, ஓரமாக ஓடிக் கோல் கோட்டருகே போய்ப் பின்னால் இழுத்துப் போடும் பாஸைப் பழக்குங்கள். இதற்கு ஆறுக்கு நாலு என்று அரை மைதானத்தில் ஆட விட்டு, 10 நொடி ஆனதும் விசில் அடித்து நிறுத்துங்கள்.

ஓட்டம், உடம்பு, வெயில்

மைதானத்தைச் சுற்றிப் பத்து ரவுண்டு ஓடவிடும் வழக்கத்தை நிறுத்துங்கள். ஃபுட்பால் ஓட்டம் என்பது வேகமாக ஓடி, நின்று, திரும்பி, மறுபடியும் ஓடுவது. முதல் வாரமும் ஐந்தாம் வாரமும் யோ-யோ டெஸ்ட் எடுங்கள். 20 மீட்டர் தூரத்தில் இரண்டு கோடு, ஆடியோ ஒலிக்குப் போய்த் திரும்பி, 5 மீட்டர் இடத்தில் 10 நொடி நடந்து, மறுபடியும். ஒலிப்பதிவு மொபைலிலேயே கிடைக்கும். வாரம் இரண்டு நாள் 40 மீட்டருக்கு 30 மீட்டரில் நாலுக்கு நாலு, 4 நிமிட ஆட்டம் நான்கு முறை, நடுவே 3 நிமிட ஓய்வு. பந்தோடு ஓடுவதால் யாரும் ஏமாற்ற மாட்டார்கள். மேட்ச்சுக்கு முந்தைய இரண்டு நாள் கடும் ஓட்டம் கூடாது.

வார்ம் அப்புக்கு ஃபிஃபா 11+ என்ற முறையைப் பயன்படுத்துங்கள். 15 பயிற்சிகள், சுமார் 20 நிமிடம். 8 நிமிடம் மெதுவான ஓட்டம், 10 நிமிடம் வலு, எகிறல், சமநிலை, கடைசி 2 நிமிடம் வேக ஓட்டம். அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் அணிகளில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், இதைச் செய்த அணிகளில் காயங்கள் கிட்டத்தட்ட 46 சதவீதம் குறைந்திருந்தன. 20 பேர் உள்ள அணிக்கு இது என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள். வாரம் இரண்டு முறையாவது செய்தால்தான் பலன். இதில் வரும் நார்டிக் ஹாம்ஸ்ட்ரிங் பயிற்சியை (முழங்காலிட்டு, கணுக்காலை ஒருவர் பிடிக்க, உடம்பை மெதுவாக முன்னால் சாய்ப்பது) முதல் வாரம் 5 முறைக்கு மேல் செய்யவிடாதீர்கள், மறுநாள் படியேற முடியாது. பெண்கள் அணியை நடத்துபவர்கள் இந்த 20 நிமிடத்தை எந்தக் காரணத்துக்காகவும் வெட்டக் கூடாது. முழங்காலின் ஏ.சி.எல். தசைநார் கிழிவது பெண் ஆட்டக்காரர்களுக்கு ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். தேசிய சீனியர் பெண்கள் சாம்பியன்ஷிப்பை 2018-லும் 2023-லும் வென்ற மாநிலம் இது. கல்லூரிகளில் பெண்கள் அணிக்கு ஒரு மைதான நேரமாவது தனியாக ஒதுக்க அதைவிடப் பெரிய நியாயம் வேண்டியதில்லை.

வெயிலில் ஒவ்வொரு 20 நிமிடத்துக்கும் தண்ணீர். வேர்வை அதிகம் போனால் ஓ.ஆர்.எஸ். ஒரு பாக்கெட்டை, அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுதாகக் கலக்குங்கள். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டருக்கு 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. மேட்ச் காலை 7 மணிக்கென்றால் ஹாஸ்டல் மெஸ் திறந்திருக்காது, முந்தைய இரவே வாழைப்பழமும் பிரட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மதிய மேட்ச்சென்றால் மூன்று மணி நேரம் முன்பு இட்லியோ தயிர் சாதமோ. ஜெயித்த பிறகு பிரியாணி.

கணுக்கால் சுளுக்கினால் உடனே எண்ணெய் போட்டு உருவ ஒருவர் ஓடிவருவார், தடுத்துவிடுங்கள். உள்ளே ரத்தக் கசிவு அதிகமாகும். துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம், கிரேப் பேண்டேஜ், காலை உயர்த்தி வைத்தல். நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லையென்றாலோ எலும்பின் மேல் தொட்டால் வலித்தாலோ எக்ஸ்-ரே. தலையில் அடிபட்டுத் தடுமாறுபவர் 'நான் நல்லாத்தான் இருக்கேன் சார்' என்று கெஞ்சினாலும் அன்று மறுபடியும் இறங்கக் கூடாது, டாக்டரிடம் காட்டிய பிறகுதான் பிராக்டிஸ்.

ஆறாம் வாரம் முதல்: மேட்ச்

மூன்று பிராக்டிஸ் மேட்ச் போடுங்கள், எதிரணியை வரிசையாகத் தேர்ந்தெடுங்கள். முதலில் நம்மைவிடப் பலவீனமான அணி, அடுத்து சமமான அணி, கடைசியாகப் பலமான அணி. சென்னை லீக்கில் ஆடும் பையன்கள் நிறைந்த கல்லூரி அணியோடு முதல் மேட்ச்சே போட்டு 0-6 வாங்கினால், ஐந்து வாரம் கட்டியது ஒரு மாலையில் போய்விடும். ஒவ்வொரு மேட்ச்சுக்கும் ஸ்கோர் இல்லாத இலக்கு ஒன்று கொடுங்கள். உதாரணமாக, கார்னரில் கோல் வாங்கக் கூடாது, அல்லது பாக்ஸுக்குள்ளிருந்து எதிரணி ஷாட் ஐந்தைத் தாண்டக் கூடாது. முதல் வாரக் கணக்கோடு ஒப்பிட்டு நோட்டைக் காட்டுங்கள். 2-1 என்று தோற்றிருந்தாலும் ஷாட் 14-லிருந்து 6-க்கு வந்திருந்தால், அணி திரும்புகிறது என்பதற்கு அதுதான் முதல் சாட்சி.

மண்டலச் சுற்றில் ஒரே நாளில் பல மேட்ச் முடிக்க வேண்டியிருப்பதால் பாதிக்கு 45 நிமிடம் இருக்காது. 25, 30 நிமிடமாகச் சுருக்குவார்கள். முதல் நாள் மேனேஜர் மீட்டிங்கில் நேரம், சப் எண்ணிக்கை, மஞ்சள் அட்டைக் கணக்கு, டிரா ஆனால் என்ன என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆட்டம் சுருங்கினால் முதல் பத்து நிமிடத்தின் மதிப்பு கூடும். அதனால் வார்ம் அப்பை முழுதாக முடித்து இறங்குங்கள். பஸ்ஸிலிருந்து இறங்கிய அரை மணி நேரத்தில் ஆடும் அணி முதல் பத்து நிமிடத்திலேயே கோல் வாங்கும்.

பதினொரு பேரின் பெயரை முந்தைய மாலையே சொல்லிவிடுங்கள். ஆடாதவர்களிடம் தனியாக, எதனால் என்று ஒரு வரியில் சொல்லுங்கள். இடைவேளையில் முதல் மூன்று நிமிடம் பேச வேண்டாம், தண்ணீர் குடிக்கட்டும். பிறகு இரண்டே விஷயம். மூன்றாவதாக எதைச் சொன்னாலும் முதலாவது மறந்துபோகும். தோற்ற இரவில் பஸ்ஸில் ஆய்வு வேண்டாம். அடுத்த பிராக்டிஸில் மூன்று வீடியோத் துண்டு காட்டுங்கள், அதில் ஒன்று நன்றாகச் செய்ததாக இருக்கட்டும்.

அடுத்த வருட அணி மே மாதத்தில் உருவாகிறது

பிளஸ் டூ முடிவுகள் வருவதற்குள் ஸ்போர்ட்ஸ் கோட்டா இடம் எத்தனை, கட்டணச் சலுகை என்ன, ஹாஸ்டல் உண்டா என்று நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாய்ச்சொல்லை நம்பி ஒரு குடும்பத்தைக் கூப்பிட்டுவிட்டு ஜூலையில் கட்டணம் கேட்பது பெரிய பாவம், அந்தப் பகுதியிலிருந்து மறுபடி யாரும் வர மாட்டார்கள். சென்னை வியாசர்பாடி, கன்னியாகுமரி மாவட்டத்தின் கடலோர ஊர்களான தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை போன்ற இடங்களில் சிறுவர்கள் பந்தோடுதான் வளர்கிறார்கள். இந்திய அணிக்கு ஆடிய மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறைக்காரர். ஊர் டோர்னமென்ட்டுகளுக்கு நேரில் போய்ப் பாருங்கள், கோல் அடிப்பவரை எல்லோரும் பார்ப்பார்கள், நீங்கள் சென்டர் பேக்கையும் கீப்பரையும் பாருங்கள். கணக்கு நோட்டில் எந்த இடத்தில் ஓட்டை தெரிகிறதோ அந்த இடத்துக்கு இரண்டு பேர், இறுதியாண்டு முடித்துப் போகிறவர்களின் இடத்துக்கு ஆளுக்கு ஒருவர். அதற்கு மேல் கூப்பிட வேண்டாம்.